அப்பெயரில் எவரும் இல்லை

எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பரீட்சை அட்டை ஒன்று தொங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்கு எடுத்துப்போகும் சாதாரணப் பழுப்பு அட்டைதான். கிளிப் துருவேறிவிட்டது, அழுத்தினால் ஒரு பக்கம் மட்டும் திறக்கும். மூலைகள் மழையில் ஊறிப் பிரிந்திருக்கின்றன. அவற்றின்மேல் ஒட்டிய செலோடேப்பும் மஞ்சளாகிவிட்டது. கிளிப்பில் வெள்ளை நூல் ஒன்று கட்டி, அதன் முனையில் ஒரு நீலப் பேனா தொங்குகிறது. அது தையல் நூல் இல்லை. ஜெபமாலை கோக்கிற நூல். எவ்வளவு இழுத்தாலும் அறாது. நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். தாளின் கடைசி வரி வரைக்கும் பேனா வரும், அதற்குமேல் வராது. பேனா தொலையாமல் இருக்க சிஸ்டர் அப்படிக் கட்டியிருந்தார். "கையெழுத்து போட்டுட்டு அப்டியே பாக்கெட்ல சொருவிகினு பூடறாங்கமே. ஆண்டவர் இன்னா, பேனா கம்பெனியா வெச்சிகீறாரு?" என்பார்.

சிஸ்டர் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்ஸ் படிப்பு படித்து, வெளி மாவட்டங்களில் வேலை செய்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் எங்கள் பக்கம் வந்தார். மடத்து வெள்ளைச் சேலை கட்டியிருந்தாலும் பேச்சு மட்டும் குப்பத்திலேயே நின்றுவிட்டது. பெண்கள் யாராக இருந்தாலும் 'இன்னாமே' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பங்குச் சாமியாருக்கு அது பிடிக்காது. "சிஸ்டர், கொஞ்சம் மரியாதையாப் பேசக்கூடாதா?" என்று ஒருநாள் பூசை முடிந்து எல்லோர் எதிரிலும் கேட்டார். "மரியாதையாத்தான் சாமி பேசறேன். 'சகோதரியே'ன்னு கூப்ட்டா இவளுங்க வேற யாரையோ கூப்டறேன்னு நெனச்சிக்கறாளுங்க" என்றார் சிஸ்டர். சாமியாரே சிரித்துவிட்டார். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிறவள் நான். சிஸ்டர் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னாமே, தூணுக்குப் பின்னாடி இன்னா தேடற?" என்று கேட்கும்போது மட்டும், நானும் அங்கே இருக்கிறேன் என்று எனக்கே தோன்றும்.

எங்கள் ஊர் படாளத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் மாமியாருக்காக. அவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. என் கணவர் வேன் ஓட்டப் போய்விடுவார். நான் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். காலை பஸ்ஸைப் பிடித்தால் திரும்ப ஏழு மணி ஆகும். மகள் பள்ளியிலிருந்து வரும்வரை மாமியார் தனியாகக் கிடப்பார். வலி மாத்திரையை நினைத்த இடத்தில் வாங்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டி வரிசையில் நிற்க வேண்டும். அதிலும் சில நாளைக்குத்தான் கொடுப்பார்கள். நான் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்றால் மாமியாரைப் பார்க்க ஆள் இல்லை. மாமியாரோடு வீட்டில் இருந்தால் மாத்திரை இல்லை. அந்த ஒன்றரை வருடமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமைகளில் சிஸ்டர் வருவார். எவர்சில்வர் டப்பா ஒன்றும் பழைய துணிகளும் கொண்டுவருவார். மாமியாரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, புண்களைக் கழுவி, துணி மாற்றுவார். அறையில் அடித்த நாற்றத்துக்கு நாங்களே மூக்கைச் சுளிப்போம்; சிஸ்டர் முகம் மாறாது. "மீன் குடலக் கழுவி வளந்த மூக்குமே இது" என்பார். ஒரு புதன்கிழமை மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டரு, ஒரு ஊசி போட்டு என்ன அனுப்பி வுட்டுடேன். உனக்குப் புண்ணியமாப் பூடும்" என்றார். ஒரு கன்னியாஸ்திரீ என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பாவம், ஆண்டவர் சித்தம், சிலுவை என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிஸ்டர் மாமியாரின் இடுப்புக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகினார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். கொண்டுவந்திருந்த மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். பிறகு, "வலிக்குது. அத மொதல்ல பாப்போம். சாவறத அப்பால பேசிக்கலாம், அது எங்கியும் ஓடிப் பூடாது" என்றார். ஒரு மணி நேரம் கழித்து மாமியார் தூங்கினார். எழுந்ததும் மீன் குழம்பு கேட்டார். ஊசியைப் பற்றி அன்று மறுபடி பேசவில்லை. வேறு நாட்களில் பேசினார், அதையும் மறைக்க வேண்டியதில்லை. மாத்திரை தீர்ந்துபோன நாட்களில் பேசினார்.

மாமியார் இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கும். பிழைக்கமாட்டார் என்று ஆனவர்களுக்குச் சிகிச்சையை எப்போது நிறுத்தலாம் என்பதைப் பற்றி மாநிலத்தில் ஒரு சட்டம் வரப்போகிறது, அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று சிஸ்டர் வந்து சொன்னார். மறைமாவட்டத்தில் அதற்காகவே ஒரு குழு அமைத்து, எங்கள் பக்கத்துக்கு சிஸ்டரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். செங்கல்பட்டில் நடக்கப்போகும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்தப் பகுதிக்காரர்கள் என்று உறுதியானால் அவர்கள் சார்பில் ஒருவர் பேசலாம். சிஸ்டர் பேச ஆசைப்பட்டார். "நிறுத்தறதுக்கு சட்டம் எழுதறாங்க. பாத்துக்கறதுக்கு யார்மே எழுதறது? வூட்டுக்கே நர்ஸு வரணும். ஆரம்ப சுகாதார நிலையத்திலியே வலி மாத்திர கிடைக்கணும். கூட இருந்து பாத்துக்கறவளுக்கு மாசம் இன்னாவாச்சும் ஒண்ணு குடுக்கணும். இத்தனையும் செஞ்சிட்டு அப்பால வந்து கேளுங்க, நிறுத்தலாமா வாணாமான்னு. உன் மாமியா கதைய நான் அங்க சொல்லுவேன். சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். அந்த மூன்று கோரிக்கைகளும் வந்தால், இன்னொரு வீட்டில் இன்னொரு மருமகள் வரிசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓட வேண்டியிருக்காது. அதைவிடப் பெரிய சட்ட ஞானம் எதுவும் எனக்கு இல்லை.

இந்த இடத்தில் எங்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. எங்கள் ஊரில் மாதா கோயிலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கொடுத்த பெயர் ஒன்று. எங்கள் தாத்தாக்கள் நிலமில்லாமல் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பட்டியல் சாதியில் பிறந்தவர் இந்து என்று எழுதினால் படிப்புக்கும் வேலைக்கும் அரசு ஒதுக்கிய இடம் கிடைக்கும். கிறிஸ்தவர் என்று எழுதினால் அந்த இடம் இல்லை. சேரிக்குள் இருந்த வீடு மாறவில்லை, எங்களைப் பார்க்கிற பார்வையும் மாறவில்லை, தாளில் மட்டும் மாறிவிடும். அதனால் ஆரோக்கியசாமி அரசாங்கத்துக்கு ஆறுமுகம். அந்தோணியம்மாள் ரேஷன் கார்டில் அஞ்சலை. என் மாமியாரின் இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கல்லறைச் சிலுவையில் வேறு பெயர். என் இரண்டு பெயர்களையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. சிஸ்டருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. அவருடைய மீனவ சனத்துக்குக் கிறிஸ்தவர் என்று எழுதினாலும் சாதிச் சான்றிதழ் மாறாது. பிறந்ததிலிருந்து அவருக்கு ஒரே பெயர்தான்.

எனக்கு வேலை கிடைத்தபோது சாதிச் சான்றிதழ் உண்மைதானா என்று பார்க்க வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வீட்டுக்கு வந்தார். முந்தின நாளே என் மாமியார் இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கிவிட்டார். பல வருடம் படம் மாட்டியிருந்த சுவரில், அந்த இடம் மட்டும் வெளுப்பாய், சதுரமாய்த் தெரிந்தது. அதன்மேல் ஒரு முருகன் காலண்டரை மாட்டினார். காலண்டர் சிறியது. நான்கு பக்கமும் வெளுப்பு எட்டிப் பார்த்தது. ஆர்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டு போனார். அந்த நாலு விரற்கடை வெளுப்பு என் வேலைக்காலம் முழுவதும் கூடவே வந்தது. அலுவலகத்தில் யாராவது என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால், எதைப் பார்க்கிறார்கள் என்றே தேடுவேன். கழுத்தில் ஜெபமாலை போட்டதில்லை. டிசம்பரில் கேக் கொண்டுபோனதில்லை. பேசப் பயந்து பயந்து, பேசாமலிருப்பதே என் சுபாவம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன்.

மனுவை அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரத்துக் குடியிருப்பில் இருந்த ஓர் அம்மாள் கணினியில் அடித்துக் கொடுத்திருந்தார். தென் மாவட்டத்திலிருந்து வேலைக்காக வந்து தங்கிய குடும்பம். அவருக்கும் எங்கள் இரட்டைப் பெயர் தெரியாது. 'கீழே கையொப்பமிட்டுள்ள கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள்' என்று தடித்த எழுத்தில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிஸ்டர் கோயில் வாசலில் இந்த அட்டையோடு நின்றார். பிரசங்கத்தில் சாமியார் சட்டத்தைப் பற்றி விளக்கியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்து முதல் வரியைப் படித்ததும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். "வூட்ல ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடறேன் சிஸ்டர்" என்றார் ஒருவர். "உன் பொண்டாட்டி இதோ உன் பக்கத்துல தானே நின்னுகினு கீறா, கேளு" என்றார் சிஸ்டர். அவர் சிரித்தபடியே நழுவினார். ஆட்டோ ஓட்டும் இன்னொருவர், "சிஸ்டர், கண்ணாடி எடுத்தாரல" என்றார். "கண்ணாடி இல்லாம ஆட்டோ ஓட்டிகினு வந்த, கையெழுத்து போட மட்டும் கண்ணு தெரியலியா? உன் வண்டில நான் இனிமே ஏற மாட்டேன்பா." எல்லோரும் சிரித்தார்கள். யாரும் பேனாவைத் தொடவில்லை. அது நூலில் ஆடிக்கொண்டே இருந்தது.

சிஸ்டர் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். கூட்டம் கலைந்த பிறகு தூணருகில் நின்ற என்னிடம் வந்தார். "இன்னாமே இது? இதுல யாருக்கு இன்னா நஷ்டம்? கல்லு மாதிரி நிக்கறாங்க" என்றார். என்ன நஷ்டம் என்று அப்போதே விளக்கியிருந்தால், முதல் வரியை 'பொதுமக்களாகிய நாங்கள்' என்று மாற்றச் சொல்லியிருந்தால், இந்தக் குறிப்புக்கு வேலையே இல்லை. அவ்வளவு நீளமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. சின்னதாக ஒன்று கேட்டேன். "சிஸ்டர், கோயில் பேரப் போட்டா போதுமா?" சிஸ்டருக்குப் புரியவில்லை. "அதானே உன் பேரு? போடு" என்றார். நான் பேனாவை எடுத்தேன். முதல் தாளில் முதல் வரியில் என் ஞானஸ்நானப் பெயரை எழுதி, கதவு எண் போட்டு, அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை அந்தப் பெயரில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். கை எழுத்தைத் தேடிக் கொஞ்சம் தடுமாறியது. மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்கமாட்டேன்.

வெளியே கலைந்து நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோயில் பெயர் என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்கள். வரிசை கட்டினார்கள். ஆட்டோக்காரர் கண்ணாடி இல்லாமலேயே போட்டார். அரசாங்கத்துக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது, அதனால் பயமில்லை என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்கிறது. அதே காரணத்தால்தான் அந்தக் கையெழுத்து செல்லாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கும் தோன்றவில்லை. செய்தி பக்கத்து ஊர்களுக்குப் போனது. சிஸ்டர் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய் அட்டையை நீட்டினார். எல்லா இடத்திலும் கோயில் பெயர்தான். ஒரு மாதத்தில் அட்டையின் கிளிப் மூடாத அளவுக்குத் தாள் சேர்ந்துவிட்டது. "உன் ஒரு கையெழுத்து எத்தினி கையெழுத்தக் கொண்டாந்துது பாத்தியாமே" என்று என் முதுகில் ஒன்று வைத்தார் சிஸ்டர்.

அந்தத் தாள்கள் மூன்று வாரம் கழித்து என் மேசைக்கு வந்தன. எங்கள் கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. வேறு மாவட்டத்துக்காரர், வேலையில் சுத்தம். "ஏம்மா, இதெல்லாம் உங்க ஊர்ப் பக்கந்தானே? வாக்காளர் பட்டியலை வெச்சிக்கிட்டு ஒரு முப்பது பேரைச் சரிபாருங்க. கூட்டத்துல பேசணும்னு கேட்டிருக்காங்க" என்று கட்டைக் கொடுத்தார். மேலே முதல் வரியில் என் பெயர் இருந்தது. என் கதவு எண் இருந்தது. வாக்காளர் பட்டியலை எடுத்து அந்தக் கதவு எண்ணைப் பார்த்தேன். என் கணவர், நான், இறந்தும் நீக்கப்படாத என் மாமியார். மூன்று பேருக்கும் வேறு பெயர்கள். அடுத்த எண்ணைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டின் கதவும், வாசலில் கட்டியிருக்கும் ஆடும், உள்ளே இருப்பவர்களின் முகமும் எனக்குத் தெரியும். ஒரு பெயரும் பொருந்தவில்லை. முப்பதையும் பார்த்து முடித்தேன்.

கண்காணிப்பாளர் வந்து எட்டிப் பார்த்தார். "ஒண்ணு கூடவா இல்ல? என்னம்மா இது, பேய் பிசாசு கையெழுத்துப் போட்டிருக்கா?" என்று சிரித்தார். பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள். பிறகு முதல் வரியில் விரலை வைத்தார். "இது உங்க தெருவாச்சே. இந்தப் பேர்ல யாராவது இருக்காங்களா?" அவருடைய விரல் என் பெயரின்மேல் இருந்தது. என் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், அரசு உதவித்தொகையில். என் கணவரின் வேன் என் சம்பளத்தைக் காட்டி வாங்கியது. இதெல்லாம் அந்த நொடியில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். எதையும் யோசிக்கவில்லை. பல வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"இல்ல சார்."

"அப்போ எழுதிடுங்க."

'மேற்கண்ட முகவரிகளில் அப்பெயரில் எவரும் இல்லை' என்று எழுதினேன். என் எழுத்து நிமிர்ந்து நிற்கும். மனுவில் இருக்கும் முதல் கையெழுத்தோடு இதை யாராவது ஒத்துப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, அந்த ஒரு வரியை மட்டும் இடப்பக்கம் சாய்த்து எழுதினேன். நாலாவது வகுப்பில் கையில் அடி வாங்கிக்கொண்டு எழுதிய எழுத்துப்போல இருந்தது.

சிஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு மத்தியானம் வந்தார். கக்கத்தில் இந்த அட்டை. வியர்வையில் வெள்ளைச் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் எழுந்து உள்ளே பதிவறைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. கண்காணிப்பாளர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் அவர் நின்றார். என்னைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. வாய் திறந்தது. 'இன்னாமே' என்று வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் கண்காணிப்பாளர் என் அறிக்கையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "சிஸ்டர், படிச்சவங்க நீங்க. இப்படி நீங்களே உக்காந்து எழுதிக்கிட்டு வரலாமா? ஒரு பேரும் ஊர்ல இல்லை. நம்ம ஸ்டாஃப் அந்த ஊர்தான், அவங்களே பார்த்திருக்காங்க" என்று என்னைக் காட்டினார்.

சிஸ்டர் அந்த வரியைப் படித்தார். சாய்ந்த எழுத்தைப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோயில் வாசலில் அவருக்குப் புரியாமல்போனது அந்த ஒரு பார்வையில் முழுதாகப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என்னைக் காட்டி, 'இதோ நிக்கறாளே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் மேலிருந்த பழி போயிருக்கும்.

"கையெழுத்து போட்டவங்க எல்லாம் உசுரோட கீறாங்க சார்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நான் யாருக்கும் எழுதல."

"அப்போ நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வாங்க. நேர்ல வந்து சொல்லட்டும்."

"அவங்களால வர முடியாது சார்."

"ஏன்?"

சிஸ்டர் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பேனா நூலில் தொங்கி ஆடியது. கண்காணிப்பாளர், மனுவை ஏற்க முடியாது, கூட்டத்தில் பேசுபவர் பட்டியலில் பெயரைச் சேர்க்க முடியாது என்று சொன்னார். வயதைப் பார்த்துப் போலீசுக்கு அனுப்பாமல் விடுவதாகவும் சொன்னார். சிஸ்டர் தலையாட்டினார். போவதற்கு முன் என் மேசைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, குடிக்க கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?"

அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. முன்பின் தெரியாத ஓர் அரசு ஊழியரிடம் ஒரு கிழவி கேட்பது மாதிரி கேட்டார். நான் பாட்டிலை நீட்டினேன். அண்ணாந்து குடித்தார். "ரொம்ப தேங்க்ஸுங்க" என்று பாட்டிலை மூடி மேசையில் வைத்துவிட்டு நடந்தார். என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிப் பேசினார். அது எனக்கு அப்போதே தெரியும். அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட இத்தனை வருடம் இப்படி வலித்திருக்காது.

கூட்டம் நடந்தது. டாக்டர்கள் பேசினார்கள், வக்கீல்கள் பேசினார்கள். நான் அங்கே நாற்காலி போடுவதற்கும் தண்ணீர் பாட்டில் வைப்பதற்கும் மேற்பார்வை. சிகிச்சையை நிறுத்துவது பற்றி இரண்டு பக்கமும் நன்றாகத்தான் பேசினார்கள். வீட்டில் கிடப்பவரைப் புரட்டிப் போடுகிறவளைப் பற்றி, மாத்திரை வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மாமியார் கதையை யாரும் சொல்லவில்லை. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கடுத்த மாதம் சிஸ்டருக்கு மடத்திலிருந்து மாற்றல் வந்தது. தண்டனை இல்லை, வழக்கமான மாற்றல்தான் என்றார்கள். போலிக் கையெழுத்து சிஸ்டர் என்று அதற்குள் வெளியில் பெயராகிவிட்டது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்மை தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லார் வீட்டுச் சுவரிலும் வெளுப்பு தெரியும். கடைசிப் புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அழ ஆரம்பித்தேன். "நிறுத்துமே. நான் தான் தப்பு பண்ணேன். ஒத்தப் பேர்காரி நான். ஊரே செருப்பத் தேடுதே, இன்னாத்துக்குன்னு ஒரு தபா உக்காந்து யோசிச்சனா? கூட்டத்துல பேசப்போற குஷியில குதிச்சிகினு இருந்தேன்" என்றார். பிறகு அந்த அட்டையை என் மடியில் வைத்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும். என்னிக்காவது வேணும்னா எழுது. எந்தப் பேர்ல வேணும்னா எழுது." பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, "இன்னாமே, மூக்கத் தொடச்சிக்க" என்றார். மறுபடி 'மே' என்று கூப்பிட்டுவிட்டார் என்ற ஆறுதலோடு வீட்டுக்கு நடந்தேன். அவர் போன ஊரில் நாலு வருடம் கழித்து இறந்தார் என்று கேள்விப்பட்டேன். கடைசியில் வலியிருந்ததா, மாத்திரை கிடைத்ததா என்று கேட்க எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

இதையெல்லாம் இந்த வாரம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் மகள் நர்ஸ் படித்து முடித்தாள். சிஸ்டரைப் பார்த்துத்தான் அந்தப் படிப்பு. அரசு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிற வேலை. சிஸ்டர் கேட்ட மூன்றில் ஒன்று எப்படியோ யாராலோ நடந்துவிட்டது, அதில் எங்கள் கையெழுத்து ஒன்றும் இல்லை. வேலைக்கு முன் சான்றிதழைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்கள். காலண்டர் நேற்றே வாங்கிவிட்டேன். கடைக்காரரிடம் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கினேன்.

இந்த அட்டையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடைசித் தாளின் கடைசி வரிக்கு வந்துவிட்டேன். பேனா இன்னும் எழுதுகிறது. கீழே பெயர் எழுத வேண்டிய இடத்தில் கை நிற்கிறது. ஒரு பெயரைப் போட்டால் மகளின் வேலை போகும். இன்னொன்றைப் போட்டால் இதில் எழுதியது எதுவும் நான் எழுதியது இல்லை. "அம்மா, எழுதி முடிச்சிட்டியா? சிஸ்டர் அட்டையும் உள்ள வெச்சிடு. பின்னாடி சிலுவ ஒட்டிகீது" என்கிறாள் மகள். இருதய ஆண்டவர் படத்தைத் துணியில் சுற்றி ஏற்கெனவே அரிசி டிரம்முக்குள் இறக்கிவிட்டாள். நானும் இந்தத் தாள்களை அப்படியே கிளிப்பில் மாட்டி, அட்டையைப் படத்தின்மேல் வைத்து டிரம்மை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை. பார்த்தால், பேனா மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நூலை விரலில் சுற்றி, அதையும் அரிசிக்குள் தள்ளிவிட்டு மூடினேன்.